கடற்கரைப் படத்தை ஓவியமாக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறைகள் முடிந்ததும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து ஸ்டூடியோக்களுக்கு ஒரே மாதிரியான வேலை வந்து குவியும். வேன் பிடித்துப் பாசிக்குடாவுக்கோ நிலாவெளிக்கோ காலிமுகத்திடலுக்கோ போய்வந்த குடும்பத்தார் போனில் ஒரு படத்தைக் காட்டி, “இதை ஓவியம் மாதிரி செய்து பிரேம் போட்டுத் தர முடியுமா?” என்று கேட்பார்கள். வரிசையாக நிற்கவைத்து எடுத்த படமாக அது இருப்பதில்லை. அலை காலில் பட்ட நொடியில் அப்பத்தா வாய்விட்டுச் சிரித்ததையோ, பிள்ளை மணலில் குந்தியிருந்து எதையோ தோண்டிக்கொண்டிருந்ததையோ யாரோ ஓரமாக நின்று எடுத்திருப்பார்கள். அந்த இயல்புக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஓவியமாக்குகிறோம் என்று அந்த இயல்பை அழித்துவிட்டால் மீதி வேலை எல்லாம் வீண்.

இந்த வேலையில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். உங்கள் படத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே போகலாம். அதற்கு முன் ஒன்று: வேலையின் வரிசை முக்கியம். அடிவானத்தை நேராக்குவது, வேண்டாத ஓரங்களை வெட்டுவது, பிரிண்டின் அளவுக்குப் பெரிதாக்குவது, ஒளியையும் நிறத்தையும் சரிசெய்வது, வேண்டாதவற்றை அழிப்பது, அதன்பிறகே ஃபில்டரும் பிரஷும். இந்த வரிசை மாறினாலே பல கோளாறுகள் வந்துவிடும். மூலப் படத்தின் மேல் கைவைக்காமல் எப்போதும் பிரதியில் வேலை செய்யுங்கள்.

## திறந்ததுமே படம் மங்கலாக, கட்டம் கட்டமாக இருக்கிறது

முதலில் பைலின் விபரத்தைத் திறந்து, அகலமும் உயரமும் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். நீளப் பக்கம் 1600 அல்லது அதற்கும் குறைவு என்றால் பெரும்பாலும் அது வட்ஸ்அப் வழியாகச் சுருங்கி வந்த படம். அங்குலத்துக்கு 200 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் 1600 பிக்சலில் 8 அங்குலம்தான் கிடைக்கும். சுவரில் மாட்ட 12க்கு 18 அங்குலம் கேட்கிறார்கள் என்றால் 2400க்கு 3600 பிக்சலாவது வேண்டும்.

இதற்கு மருந்து எளிது. யாருடைய போனில் எடுத்தது என்று விசாரியுங்கள். மாமா எடுத்திருப்பார், மாமா கொழும்பில் வேலைக்குத் திரும்பியிருப்பார். அவரிடம் சொல்லி, அதே வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் மூல அளவிலேயே வந்துசேரும். 12 மெகாபிக்சல் போன் என்றால் 4000க்கு 3000 பிக்சல் கிடைக்கும். கேட்ட அளவுக்குத் தாராளம். பேஸ்புக்கிலிருந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து வந்தவருக்கும் இதே பதில்தான். மூலம் கிடைக்கும்வரை வேலையைத் தொடங்காதீர்கள்.

பைல் பெரியது, ஆனாலும் வெளிச்சமான இடங்களைச் சுற்றி வெண்மூட்டம் இருக்கிறது. அன்று அதே போனில் எடுத்த மற்றப் படங்களைப் பாருங்கள். காலையில் எடுத்தவை தெளிவாக இருந்து, கடலில் இறங்கியபின் எடுத்தவை மட்டும் மூட்டமாக இருந்தால், லென்சில் உப்புத் துமியோ விரல் பிசுக்கோ பட்டிருக்கிறது. கறுப்புப் புள்ளியைச் சற்று இறக்கினால், அதாவது மிக இருண்ட இடங்களை இன்னும் கறுப்பாக்கினால், பெரும்பகுதி தெளிந்துவிடும். ஓவியத்துக்கு இலேசான மூட்டம் கெடுதல் செய்யாது. முழுக்கத் துடைத்தெடுக்க முயல வேண்டாம்.

ஒரே கமராவில் எடுத்த எல்லாப் படங்களும், மலையில் எடுத்தவைகூட, மூட்டமாக இருக்கின்றன. லென்சுக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கலாம். நம் பக்கத்து ஈரப்பதத்தில், துணி அலமாரியில் தோல் உறையோடு வைத்த கமராவுக்கு இது வந்தே தீரும். லென்சைக் கழற்றி ஒரு பக்கம் டோர்ச் வெளிச்சம் காட்டி மறுபக்கம் பாருங்கள். நூல் நூலாகக் கிளை விரித்திருந்தால் அதுதான். நீங்களே திருகாணியைக் கழற்றாதீர்கள். லென்ஸ் திருத்துபவரிடம் கொடுங்கள். விலை குறைந்த லென்ஸ் என்றால் திருத்தும் கூலியையும் புது லென்சின் விலையையும் முன்கூட்டியே ஒப்பிட்டுக் கேளுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

ஆள் அசைந்ததால் மங்கல். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கருவிழிக்கும் வெள்ளைக்கும் இடையிலுள்ள கோடு தெரிந்தால் படம் பிழைத்துவிட்டது. கையும் காலும் முந்தானையும் எவ்வளவு மங்கியிருந்தாலும் கவலையில்லை. அவற்றை ஓவியம் ஏற்றுக்கொள்ளும். கூர்மை குறைவதை எல்லாம் பிழையாக எண்ண வேண்டியதில்லை. இதற்கு வெகுதூரம் போய்ச் சான்று தேட வேண்டாம். மங்கலான குவியத்தை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு ஓவியம்போல் முகங்களைப் படம் எடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன், 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலயக் கல்லறையில் கணவரோடு அடக்கமாகியிருக்கிறார். இங்கே உழைத்துக்கொண்டிருந்த மக்களையும் அவர் படம் எடுத்தார். கூர்மை போதாது என்று அவர் காலத்து விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அந்த முகங்கள் இன்றும் நம்மைப் பார்க்கின்றன.

கண்ணே மங்கிவிட்டால்? 5க்கு 7 அங்குலம் போன்ற சிறிய பிரிண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்தைத் தானாகக் கூராக்கும் செயலிகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. அவை இல்லாத இமையையும் இல்லாத பல்வரிசையையும் தாமே வரைந்து சேர்த்துவிடும்; பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது வேறு ஒருவருடைய முகம். படத்தில் இருப்பவர் காலமாகிவிட்டவர் என்றால் இந்தச் செயலிகளைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த நிலையில், படத்தைப் பார்த்து உருவம் வரையும் ஓவியரிடம் அனுப்புங்கள். அவர் குடும்பத்தாரிடம் வேறு படங்களை வாங்கிப் பார்த்து, கேட்டு வரைவார்.

## ஃபில்டர் போட்டதும் கன்னத்தில் புழு நெளிகிறது

“தம்பி, அம்மாவின் முகத்தில் புழு ஊர்கிற மாதிரி இருக்கிறதே” என்று ஓர் அக்கா சொன்னதைவிடச் சரியாக இந்தக் கோளாறை யாராலும் சொல்ல முடியாது. ஃபோட்டோஷொப்பின் ஆயில் பெயின்ட் ஃபில்டரில் அதிகம் வருவது இதுதான். காரணங்களை இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலாவது, லைட்டிங். அந்த ஃபில்டரின் பெட்டியில் அடியில் லைட்டிங் என்று ஒரு தெரிவு இருக்கிறது. தடித்த வர்ணத்தின் மேல் பக்கவாட்டில் வெளிச்சம் விழுவதைப் போலியாகக் காட்டுவது அது. புழுவின் முதுகு பளபளப்பது அதனால்தான். அதன் அடையாளத்தை எடுத்துவிடுங்கள், அல்லது ஷைன் அளவைப் பூச்சியத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். பாதி நெளிவு அந்த நிமிடமே அடங்கும்.

இரண்டாவது, அளவு. ஃபில்டரின் கோடுகள் பிக்சல் கணக்கில் போடப்படுகின்றன. அதனால் சிறிய படத்தில் ஃபில்டரைப் போட்டால் ஒரு கோடே கன்னத்தின் பாதியை அடைத்துவிடும். பிறகு பெரிதாக்கினால் அந்தக் கோடும் சேர்ந்து வீங்கும். பிரிண்டின் அளவுக்குப் படத்தை முதலில் மாற்றிவிட்டு அதன்பிறகு ஃபில்டரைப் போடுங்கள். ஒரு படத்துக்குப் பொருந்திய எண்களை அடுத்த படத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள்.

மூன்றாவது, இரைச்சல். மாலை மங்கியபின் போனில் எடுத்த படத்தில் நிழற்பகுதியில் நிறப் பொட்டுகள் மண்டியிருக்கும். ஃபில்டருக்கு அது தோலா பொட்டா என்று தெரியாது. பொட்டைச் சுற்றியும் வளைந்து கோடு போடும். வட்ஸ்அப்பில் சுருங்கிய படத்தின் கட்டங்களும் இதே வேலையைச் செய்யும். ஃபில்டருக்கு முன் இரைச்சலைக் குறையுங்கள். கன்னத்தில் ஒட்டிய மணல் இதில் சேராது. அதை அழிக்க வேண்டாம். கடற்கரையில் இருந்ததற்கு அதைவிடச் சாட்சி வேறில்லை.

நான்காவதுதான் உண்மையான காரணம்: முகத்துக்கும் கடலுக்கும் ஒரே எண்களைக் கொடுத்திருக்கிறீர்கள். எந்த ஓவியரும் கண்ணிமையை வரையும் தூரிகையால் அலையை வரைவதில்லை. படத்தை ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் ஆக (ஃபில்டரின் எண்களைப் பிறகும் மாற்றக்கூடிய அடுக்காக) மாற்றி இரண்டு பிரதிகள் எடுங்கள். கீழே உள்ளதில் கடல், மணல், வானத்துக்கு ஏற்ற பெரிய கோடுகள். மேலே உள்ளதில் ஃபில்டரின் ஸ்கேல், ஸ்டைலைசேஷன் என்னும் இரண்டு அளவுகளையும் வெகுவாகக் குறைத்து, முகம், கழுத்து, கைகள் மட்டும் தெரியும்படி மாஸ்க் (மற்ற இடங்களை மறைக்கும் திரை) போடுங்கள். மாஸ்கின் விளிம்பு மென்மையாக இருக்கட்டும். கூந்தல் ஓரத்தில் கத்தரித்து ஒட்டியதுபோல் தெரிந்தால் மென்மையான பிரஷால் இன்னும் தளர்த்துங்கள். கண், மூக்கின் நுனி, உதட்டின் கோடு ஆகிய மூன்று இடங்களில் மூலப் படத்தையே கொஞ்சம் எட்டிப்பார்க்க விடுங்கள்.

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். நிலாவெளியில் ஒரு பாட்டி சேலையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நுரைக்குள் நிற்கிறார். ஃபில்டர் அவருடைய மூக்குத்தியை விழுங்கிவிட்டது. வெள்ளை மின்னல் ஒரு பிக்சல் கூட்டம்தான். அதைப் பக்கத்துத் தோலோடு கரைத்துவிட்டது. படத்தின் மேல் கண்ணாடித்தாள் போல அடுக்கும் புதிய லேயர் ஒன்றில், வெண்மஞ்சளில் ஒரேயொரு புள்ளியை அந்த இடத்தில் வைத்ததும் முகம் முழுவதும் உயிர்பெற்றது. சேலையைப் பிடித்திருந்த விரல்களின் நுனியில் கொழுந்து பறித்து ஏறிய கறை இருந்தது. அழுக்கு என்று நினைத்து அழிக்கத் தோன்றும் இடம் அது. அழிக்கக் கூடாது. கண்ணில் விழும் ஒளிப்பொட்டு, மூக்குத்தி, தோட்டின் கல், வளையலின் விளிம்பு, விரல் நுனி ஆகியவற்றை ஃபில்டருக்கு முன்பே குறித்துவைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கையால் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவு செய்தும் நெளிவு போகவில்லை என்றால் முகத்துக்கு ஃபில்டரையே விட்டுவிடுங்கள். காலி லேயர் ஒன்றைத் திறந்து, நிறங்களைக் குழைத்து இழுக்கும் மிக்சர் பிரஷை எடுத்து, எல்லா லேயர்களிலிருந்தும் நிறம் எடுக்கும் தெரிவை இயக்குங்கள். வெட் (வர்ணத்தின் ஈரம்) அளவு 20 போலத் தொடங்கலாம். நெற்றியில் குறுக்காக, கன்னத்தில் வளைவாக, மூக்குத்தண்டில் மேலிருந்து கீழாக, முகத்தின் அமைப்பு போகிற திசையிலேயே இழுங்கள். பெரிய பிரஷில் தொடங்கிக் கண்ணருகே சிறியதில் முடியுங்கள். ஈரக் கூந்தலுக்கு ஒவ்வொரு இழையாக வரைய வேண்டாம்; நாலைந்து கற்றைகளாகப் பிரித்து, அவற்றின் மேல் இரண்டு மூன்று தனி இழைகள் போதும். ஃபோட்டோஷொப் இல்லாதவர்கள் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் இதே வேலையைச் செய்யலாம், அது இலவசம்.

முகமே படத்தின் பெரும்பகுதியை அடைத்திருக்கிறது, அதைப் பெரிய கேன்வசில் கேட்கிறார்கள், உங்களுக்கோ கைப்பழக்கம் இல்லை என்றால் டிஜிட்டல் ஓவியர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நெருக்கமான முகத்தில் பிழையை மறைக்க இடமே இல்லை.

## ஃபில்டர் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, அழுத்தினாலும் இயங்கவில்லை

படம் ஆர்ஜிபி முறையில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல முறை) இருக்கிறதா என்று மோட் பட்டியலில் பாருங்கள். அச்சகத்திலிருந்து வந்த பைல் சிஎம்வைகேயில் (அச்சுக்கான நான்கு மை முறையில்) இருந்தால் ஆயில் பெயின்ட் ஃபில்டர் திறக்காது. அதுவும் சரி என்றால், ஃபோட்டோஷொப் அமைப்புகளில் கிராபிக்ஸ் புரொசசர் இயங்குகிறதா என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் டிரைவரைப் புதுப்பியுங்கள். பழைய கணினி அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் புதிய கணினி வாங்க ஓட வேண்டாம். கிம்ப் என்ற மென்பொருளில் ஆயிலிஃபை என்ற ஓவிய ஃபில்டர் இருக்கிறது, அதுவும் இலவசம். மேலே சொன்ன மாஸ்க் முறையோடு சேர்த்தால் அதுவே போதும்.

## எல்லாம் செய்தும் ஓவியமாகத் தெரியவில்லை. ஃபில்டர் போட்ட போட்டோவாகவே இருக்கிறது

இந்த முறைப்பாட்டுக்கு ஃபில்டரில் மருந்து இல்லை. படத்தில் எல்லா இடத்திலும் ஒரே அளவு விவரம் இருக்கிறது. கமரா எதையும் விடாமல் பதிவுசெய்யும். ஓவியர் எதை விடுவது என்று முதலில் முடிவெடுப்பார். அந்த முடிவை நீங்கள் எடுக்கும்வரை எந்த ஃபில்டரும் உதவாது.

சோதனை ஒன்று: படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். ஆள் எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பது அந்த அளவிலும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

பின்னணிக் கூட்டத்தை முதலில் பாருங்கள். பாசிக்குடாவில் ஆழமில்லாத கடல் வெகுதூரம் போகும். அதனால் பின்னால் எப்போதும் யாராவது இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். செம்மஞ்சள் உயிர்காப்பு மேலாடை ஒன்று தெரிந்தால் போதும், கண் அங்கேதான் போகும். வெட்டி எடுக்க முடிந்தால் வெட்டுங்கள். முடியாவிட்டால் அழியுங்கள். அழிக்கவும் முடியாவிட்டால் அந்த நிறத்தை மட்டும் மங்கச்செய்து கடலோடு சேர்த்துவிடுங்கள். வெறும் பிளாஸ்டிக் போத்தல் என்றால் யோசிக்காமல் அழித்துவிடலாம். மீன்பிடி வள்ளமும் கரையில் காயும் வலையும் இருக்கட்டும். அவை அந்த இடத்துக்கு உரியவை.

அடுத்தது அடிவானம். கடலின் கோடு கழுத்தின் ஊடாகப் போகிறதா? வெட்டும்போது கோணத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, எடுத்தது எடுத்ததுதான். ஆனால் தலைக்குப் பின்னால் அந்தக் கோட்டைக் கரைத்து, கடலும் வானமும் ஒன்றோடொன்று கலக்கும்படி செய்யலாம். கோடு சாய்ந்திருந்தால் ஃபில்டருக்கு முன் நேராக்குங்கள். பிறகு திருப்பினால் கோடுகளின் கூர்மை குலையும்.

மூன்றாவது, விளிம்புகள். இதைப் பழகிவிட்டால் உங்கள் வேலை ஒரே நாளில் வேறு தரத்துக்குப் போய்விடும். ஆளைச் சுற்றி ஓடும் விளிம்பைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தோளின் நிழற்பக்கமும் அதன் பின்னாலுள்ள கடலும் ஒரே அளவு இருட்டாக இருக்கும் இடத்தில் விளிம்பை உருகவிடுங்கள். வெள்ளை நுரைக்குள் வெள்ளைப் பாவாடை கலந்தால் கலக்கட்டும். கன்னம், தாடை, முன்கை போன்ற ஒளிபட்ட இடங்களில் மட்டும் கூர்மையாக வைத்திருங்கள். பார்ப்பவரின் கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

நான்காவது, கோடுகளின் திசை. கடலுக்குப் படுக்கையாக, அலை சுருளும் இடத்தில் மட்டும் வளைவாக. ஈர மணலுக்கு நீளமாக, உலர்ந்த மணலுக்குக் குட்டையாக உடைத்து. வானத்துக்கு மிகப் பெரிய பிரஷில், திசை தெரியாமல். ஒவ்வொரு மணற்பொடியையும் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

கடைசியாகக் கேன்வஸ் இழைமம். படத்தின் மேல் கேன்வஸ் துணியின் அச்சைப் போடுவது பலருக்கும் பிடித்த வேலை. காகிதத்தில் பிரிண்ட் எடுப்பதாக இருந்தால் இலேசாகப் போடலாம். உண்மையான கேன்வசில் எடுப்பதாக இருந்தால் போடவே கூடாது. இரண்டு இழைமங்கள் ஒன்றோடொன்று மோதி, முகத்தில் வலை விரித்ததாகத் தெரியும்.

## முகத்தின் நிறம் மாறிவிட்டது

சிவந்து, செம்மஞ்சளாகிவிட்டது. கணினியிலோ போனிலோ இரவு ஒளி முறை இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அது இயங்கும்போது நிறம் திருத்தினால் எல்லாமே தவறும். அடுத்து, ஓவிய முன்னமைப்புகள் பல நிறச்செறிவைக் கூட்டிவிடும்; கடல் அழகாகும், தோல் எரியும். முழுப் படத்தின் செறிவையும் குறைக்காமல் சிவப்பு, செம்மஞ்சள் இரண்டின் செறிவை மட்டும் இறக்குங்கள்.

சாம்பல் பூத்து நீலமாக இருக்கிறது. குடை நிழலிலோ தென்னை நிழலிலோ நின்றிருப்பார்கள். அங்கே வானத்தின் நீலம்தான் முகத்தில் விழுகிறது. படத்தில் வெள்ளைத் துணியோ நுரையோ அதே நிழலில் இருந்தால் அதை வைத்து வெண்சமநிலையைச் சரிசெய்யுங்கள். பிறகு கன்னத்தில் நிறமானியை (நிறத்தை எண்ணாகக் காட்டும் கருவியை) வைத்து எண்களைப் பாருங்கள்: சிவப்பு அதிகம், பச்சை அதற்கடுத்து, நீலம் குறைவு. நம் தோலில் இந்த ஒழுங்கு மாறாது. நீலம் பச்சையைத் தாண்டினால் இன்னும் திருத்த வேண்டும்.

வெளுத்து, மாவு பூசியதுபோல் இருக்கிறது. போனின் அழகுபடுத்தும் தெரிவு இயங்கிய நிலையில் எடுத்த படம். அதை முழுதாகத் திருப்ப முடியாது. தோலின் நடுநிறத்தை (ஒளிக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நிறத்தை) சற்று இறக்கி, நிழற்பக்கத்தில் செம்பழுப்பைச் சேர்க்கலாம்.

“கொஞ்சம் வெள்ளையாக்கித் தாருங்கள் தம்பி” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை, நீங்களும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையில் வெயிலிலும் மழையிலும் நின்று உழைத்த முகத்தின் நிறம் அந்த முகத்தின் பகுதி. அதை வெளுக்கவைத்தால் ஒளிபட்ட இடத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடும் அழிந்து, ஓவியத்துக்கு வேண்டிய கனமே போய்விடும். கேட்பவரிடம் முகத்தின் ஒளிப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, நிறத்தை அப்படியே வைத்து ஒரு மாதிரியைக் காட்டுங்கள். முகம் பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் பெரும்பாலும் சொல்லவந்தது. அதைக் கண்டதும் ஒப்புக்கொள்வார்கள்.

## முகம் இருண்டு, கடல் வெளுத்துவிட்டது

எங்கே, எத்தனை மணிக்கு எடுத்தது என்று கேளுங்கள். காலிமுகத்திடலில் சூரியன் கடலுக்குள் மறையும். மாலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் இருளத்தான் செய்யும். நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் நேர்மாறு. அங்கே காலையில்தான் சூரியன் கடல் பக்கம்; மாலையில் கரைப்பக்கத்திலிருந்து வரும் மென்மையான வெளிச்சம் முகத்தில் நேராக விழும். அடுத்த பயணத்துக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லிவையுங்கள், அரைவாசி வேலை மிச்சம்.

கையில் இருக்கும் படத்துக்கு: நிழலை மட்டும் தூக்கும் ஸ்லைடரை மெதுவாக ஏற்றுங்கள். நிறப் பொட்டுகள் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை ஓவர்லே (கீழுள்ள படத்தின் ஒளியை ஏற்றி இறக்கும் கலப்பு) முறையில் வைத்து, மென்மையான வெள்ளைப் பிரஷில், ஃப்ளோ (வர்ணம் வழியும் அளவு) 5 சதவீதமளவில், நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்குத்தண்டிலும் தடவித் தடவி ஒளியைக் கொண்டுவாருங்கள். உச்சி வெயிலில் கண்குழி இருண்ட படத்துக்கும் இதே முறைதான்.

முகத்தில் எதுவுமே மிஞ்சவில்லை என்றால் போராட வேண்டாம். நிழலுருவாகவே விட்டுவிடுங்கள். பக்கவாட்டு முகக்கோடும் காற்றில் பறக்கும் முந்தானையும் தெளிவாக இருந்தால் அது அருமையான ஓவியமாகும்.

வெளுத்துப்போன வானத்தில் மீட்க எதுவும் இல்லை. மேலே சற்று அடர்த்தியாகவும் அடிவானத்தில் வெளிறியும் ஒரே நிறத்தைப் பூசுங்கள். வேறு படத்திலிருந்து மாலை வானத்தை எடுத்து ஒட்டினால், ஆளின் நிழல் ஒரு பக்கமும் சூரியன் இன்னொரு பக்கமுமாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

## திரையில் அழகு, பிரிண்டில் இருட்டு

மொனிட்டரின் பிரகாசம் உச்சத்தில் இருக்கும். வெள்ளைக் காகிதம் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதைவிடக் கூசாத அளவுக்குக் குறையுங்கள். பைல் எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள்; வேறு நிறவெளியில் கொடுத்தால் பல பிரிண்ட் கடைகளில் நிறம் செத்துவிடும். மெட் காகிதமும் கேன்வசும் பளபளப்புக் காகிதத்தைவிட இருட்டாகத்தான் காட்டும், அதற்கேற்ப நடுநிறத்தைச் சற்றே தூக்கிக் கொடுங்கள்.

பெரிய பிரிண்டுக்கு முன், முகப்பகுதியை மட்டும் அதன் இறுதி அளவிலேயே வெட்டி, 4க்கு 6 அங்குலத் துண்டாக ஒரு மாதிரிப் பிரிண்ட் எடுங்கள். அதைக் கடையின் டியூப் வெளிச்சத்தில் பார்த்தால் போதாது. வீட்டில் எந்தச் சுவரில் மாட்டப்போகிறார்கள், அங்கே யன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். லயத்து முன்னறையில் ஒற்றை மின்குமிழின் கீழ் மாட்டுவதாக இருந்தால் இன்னும் ஒரு படி பிரகாசமாக எடுக்க வேண்டும்.

கேன்வசை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவதாக இருந்தால் நாலு பக்கமும் 2 அங்குலம் போல மடிப்புக்குள் போகும். அதற்கென்று கடலையும் மணலையும் நீட்டிவையுங்கள். இல்லாவிட்டால் பாதம் மடிப்பில் போய்விடும். மாதிரிப் பிரிண்ட் இரண்டாம் முறையும் நிறம் மாறி வந்தால் உங்கள் பக்கம் திருத்துவதை நிறுத்தி, பிரிண்ட் கடையிடம் அவர்களுடைய காகிதத்துக்கான நிற விவரக்கோப்பைக் கேளுங்கள். கொடுக்க முடியாதவர்கள் என்றால் கடையை மாற்றுங்கள்.

## பிரேம் போட்டுச் சில மாதங்களில் படம் நெளிந்து, புள்ளி விழுந்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது

மலைநாட்டின் நிரந்தர நோய். மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும் சுவர்கள் வியர்க்கும். பிரேமின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டுகளை ஒட்டி, காற்றுப் போக இடைவெளி விடுங்கள். வெளிச்சுவரிலும் அடுப்படிச் சுவரிலும் மாட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் மவுண்ட் அட்டை கட்டாயம். பணம் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல. அடைமழை நாளில் பிரேம் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்து அடைத்துவிடுகிறோம். ஒரு நாள் பொறுத்து, படத்தையும் அட்டையையும் உலர்ந்த அறையில் வைத்தெடுத்துப் பிறகு அடையுங்கள்.

பழுப்புப் புள்ளிகளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மை கரைந்து பரவும். இது உங்கள் கணினியில் பைல் உள்ள படம் என்றால் புதிதாகப் பிரிண்ட் எடுப்பதே மலிவு. அதனால்தான் லேயர்கள் கலையாத மூலக் கோப்பை வேலை முடிந்ததும் அழிக்காமல் இரண்டு இடங்களில் வைத்திருக்க வேண்டும்.

அதே பிரேமுக்குள் வீட்டாரின் பழைய படம் ஒன்றும் சேர்ந்து கண்ணாடியில் ஒட்டியிருந்து, அதற்கு வேறு பிரதி இல்லை என்றால் இழுத்துப் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது வெளிச்சம் பிரதிபலிக்காத கோணத்தில் நல்ல கமராவால் படம் எடுங்கள். பிரதி கையில் பத்திரமானபின், பழைய படங்களைப் பேணும் பயிற்சி உள்ளவரிடம் மட்டும் அதைக் கொடுங்கள்.